மருத்துவமனைசார் இரத்த உறைவுத் தடுப்பு

மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாகாமல் காக்கும் முறைகளின் தொகுப்பு. இக்கட்டிகள் பெரும்பாலும் கெண்டைக்கால், தொடைச் சிரைகளில் தோன்றுகின்றன. அங்கிருந்து பெயர்ந்து, இதயத்தின் வழியே சென்று நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பிய 90 நாள் வரை தோன்றுபவை மருத்துவமனைசார் உறைவுகளாகக் கொள்ளப்படுகின்றன.

காரணங்கள்

இரத்த ஓட்டம் மந்தமாதல், இரத்தநாளச் சுவர் சேதமடைதல், உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் அடிப்படை. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவின் (1821–1902) பெயரால் இவை ‘விர்கோ மும்மை’ எனப்படுகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அந்த உதவி இல்லை. மூட்டு மாற்று அறுவை, எலும்பு முறிவு, புற்றுநோய், பக்கவாதம், மகப்பேறு, உடல் பருமன், முன்பே உறைவு வந்திருத்தல் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

தடுப்பு முறைகள்

உறைவைத் தடுக்கும் மருந்தே இரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும். எனவே நோயாளி சேர்ந்ததும் இரு ஆபத்துகளும் சேர்த்தே மதிப்பிடப்படுகின்றன. அறுவை நோயாளிகளுக்குக் காப்ரினி அளவுகோலும், பிறருக்குப் பதுவா அளவுகோலும் பயன்படுகின்றன. ஆபத்து குறைந்தவர்களுக்கு விரைவில் எழுந்து நடப்பதே போதுமானது. மற்றவர்களுக்கு ஹெப்பாரின் அல்லது ஈனாக்சபாரின் ஊசி தோலுக்கடியில் போடப்படும். கசிவு ஆபத்து மிகுந்தவர்களுக்குக் காற்று நிரம்பி இறங்கிக் காலை அமுக்கும் உறைகள் மாட்டப்படும்.

வரலாறு

ஹெப்பாரினின் தொடக்கம் 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் செய்த ஆய்வு. 1975இல் இலண்டன் அறுவை மருத்துவர் விஜய் கக்கர் தலைமையில் 4,121 அறுவை நோயாளிகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு வெளியானது. நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள், ஹெப்பாரின் பெறாத பிரிவில் 16 பேர். குறைந்த அளவில் பெற்ற பிரிவில் 2 பேர். அதன்பின் முன்கூட்டியே மருந்து தரும் வழக்கம் வலுப்பெற்றது.

வீடு திரும்பிய பின்

காயம் ஆறினாலும் ஆபத்து உடனே நீங்குவதில்லை. இடுப்பு மூட்டு மாற்றத்துக்குப்பின் தடுப்பு மருந்து 35 நாள் வரையிலும், வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்குப்பின் சுமார் 4 வாரமும் தரப்படுவதுண்டு. மருத்துவரைக் கேட்காமல் இதை நிறுத்தக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவை நுரையீரல் அடைப்பின் அறிகுறிகள். சற்றும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.