தவறணையும் பாட்டரங்கும்

மது விற்கும் உரிமையைச் சட்டம் எவ்வாறு வரையறுக்கின்றதோ, அதற்கேற்பவே மதுச்சாலையில் நிகழும் கலையும் உருப்பெறும். இலண்டன் மாநகரில் 'மியூசிக் ஹோல்' என வழங்கிய பாட்டரங்கு இதற்குத் தக்க சான்றாகும்.

1843-ஆம் ஆண்டின் நாடகசாலைச் சட்டத்துக்கு முன்னர், அந்நகரில் வசன நாடகம் நடிக்கும் உரிமை பெரும்பாலும் ட்றூரி லேன், கொவென்ற் காடின் ஆகிய இரு அரங்குகளுக்கே உரியதாயிருந்தது. அச்சட்டம் அவ்வுரிமையைப் பிறர்க்கும் திறந்துவிட்டது. ஆயின், அதனைப் பெற்றோர் பார்வையாளர் இருக்குமிடத்திற் குடிவகை பரிமாறுதல் இயலாதாயிற்று. மறுபுறத்தில், 1751-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இசைக்கும் நடனத்துக்கும் நீதவான்களிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற தவறணைக்காரர் மேசைதோறும் மது வழங்கலாம். நாடகம் மட்டும் ஆகாது. இரண்டையும் ஒருங்கே நடத்திவந்தோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியவராயினர். பலர் மதுவையே தெரிந்தனர். வருவாய் அதனிடத்தன்றோ இருந்தது!

சாள்ஸ் மோட்டன் என்பார் இலம்பெத்திலிருந்த தமது கன்ரபெரித் தவறணையை அடுத்து 1852-இல் அமைத்த மண்டபம் இவ்வகையிற் பெரும் பெயர் பெற்றது. இத்தகைய மண்டபங்களில் நீண்ட கதைக்கு இடமில்லை. சில நிமிடங்களில் முடியும் பாட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தலைவர் ஒருவர் சுத்தியலால் மேசையைத் தட்டிப் பாடகரை அறிவிப்பார். அவையோர் குடிகலத்தைக் கையில் ஏந்தியவாறே பல்லவியைச் சேர்ந்து பாடுவர். இருவர் எதிரெதிர் நின்று உரையாடினாலோ, அது நாடகமெனக் கொண்டு நாடக அரங்கினர் வழக்குத் தொடுப்பர். ஆகவே, தனியொருவரே வேடம் புனைந்து, தெருவணிகனாகவும் செல்வச் செருக்கனாகவும் தோன்றிப் பாடும் கலை செழித்தது. 1866 அளவில் ஜோர்ஜ் லேபோர்ன் பாடிப் புகழ்பெற்ற 'சம்பேன் சாளி' அவ்வகையினது. நாடகத்தைத் தடுத்த விதி, நாடகம் முழுவதையும் ஒரு பாடகனிடத்தே ஒடுங்கச் செய்தது எனலாம். சட்டம் இயற்றியோர் இவ்விளைவைக் கருதினாரல்லர்.

1878-ஆம் ஆண்டுச் சட்டம் தீக்காப்புக்குச் சான்றிதழ் வேண்டிற்று. செலவைத் தாங்காத சிறு மண்டபங்கள் பல மூடப்பட்டன. எளியோர் தம் தெருக்கோடியிற் பெற்ற இன்பம் பெருமுதலாளர் கைக்கு மாறியது. 1889-இல் தோன்றிய இலண்டன் கவுண்டிச் சபையோ, மதுவைப் பார்வையாளரிடமிருந்து விலக்க முனைந்தது. 1894-இல் லெஸ்ரர் சதுக்கத்து எம்பயர் அரங்கின் உலாவிடத்தை மது விற்குமிடத்தினின்று பிரித்து வைத்த தட்டிகளை இளைஞர் கூட்டமொன்று தகர்த்தெறிந்தது. பிற்காலப் பிரதமர் வின்ஸ்ரன் சேர்ச்சிலும் அவர்களுள் ஒருவர்.

பாட்டரங்குகள் மறைந்த பின்னரும் விதியின் ஆட்சி மறையவில்லை. 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதுச்சாலையில் இருவர்க்கு மேற்படாத இசைஞர் தனி அனுமதியின்றி இசைக்கலாம். மூன்றாமவர் சேரின் அனுமதி வேண்டும். அதற்குரிய கட்டணத்தை இறுக்க விரும்பாத சாலைகளில் அம்மூன்றாமவர்க்கு இடமில்லாதாயிற்று. 2005 நவம்பரில் இவ்விதி நீங்கியபோது இருவர்க்கிருந்த சலுகையும் உடன் நீங்கியது. 2012-ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டமே, 200 பேர்க்கு மேற்படாத கூட்டத்தின்முன், காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை அக்கட்டினைத் தளர்த்தியது. 2015-இல் அவ்வெல்லை 500 பேராக உயர்ந்தது.