கையெழுத்திலேயே முடிந்த தேர்தல்

1996-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் தேதி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜனநாயகக் கட்சிக்கு முதனிலைத் தேர்தல். அதாவது, கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தீர்மானிக்கும் நாள். ஆனால் இல்லினாய்ஸ் மாநில செனட்டின் 13-ஆவது தொகுதியில் தீர்மானிக்க ஒன்றும் மிச்சமில்லை. வாக்குச் சீட்டில் இருந்தது ஒரே ஒரு பெயர்: பராக் ஒபாமா. அவருக்குப் போட்டியாக மனுத் தாக்கல் செய்த நால்வரும் வாக்குப்பதிவுக்கு முன்பே களத்தை விட்டுப் போயிருந்தார்கள்.

யாரும் வாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. எல்லாம் சட்டப்படியே நடந்தது. அதுதான் இந்தக் கதையின் விசேஷம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேட்புமனுத் தாக்கல் என்றால் முன்மொழிபவர், வழிமொழிபவர், வைப்புத்தொகை என்று ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். அமெரிக்காவில் அப்படியல்ல. அங்கே பல மாநிலங்களில் வேட்பாளர் வீடு வீடாகப் போய், இவர் பெயர் சீட்டில் வரட்டும் என்று வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் அமெரிக்காவில் வாக்குச் சீட்டை அச்சடித்தது அரசாங்கம் அல்ல, கட்சிகள். கட்சிக்கொரு வண்ணத்தில் சீட்டு இருக்கும். யார் எந்தச் சீட்டைப் போடுகிறார் என்று ஊரே பார்க்கும். காசு கொடுத்தவன் கண்ணெதிரே கணக்குச் சரிபார்த்துக்கொள்வான். 1856-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இரகசிய வாக்குமுறையை 1888-இல் மாசசூசெட்ஸ் மாநிலமும், 1891-இல் இல்லினாய்ஸ் மாநிலமும் ஏற்றுக்கொண்டன. அதன் பிறகு சீட்டை அச்சடிப்பது அரசாங்கத்தின் வேலையாயிற்று. கூடவே ஒரு கேள்வியும் பிறந்தது. யார் யார் பெயரை அச்சடிப்பது? கேட்டவர் பெயரையெல்லாம் போட்டால் சீட்டு பாயளவு நீளும். அதற்குக் கண்ட வழிதான் கையெழுத்து மனு.

நல்ல நோக்கத்தோடு வைத்த கதவுதான். ஆனால் அதன் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அது ஆயுதமாகிவிட்டது.

இல்லினாய்ஸ் விதிகளைப் பாருங்கள். கையெழுத்துப் போடுபவர் அந்தத் தொகுதியிலேயே பதிவான வாக்காளராக இருக்க வேண்டும். அவர் எழுதும் முகவரி பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். தாள்களை வரிசையாக எண்ணிட்டுப் புத்தகம்போல் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துத் திரட்டியவர், இவை என் முன்னிலையில் போடப்பட்டவை என்று உறுதிமொழி தந்து நோட்டரியிடம் சான்று பெற வேண்டும். மனுத் தாக்கல் முடிந்த பின் ஐந்து வேலை நாளுக்குள் அந்தத் தொகுதி வாக்காளர் எவரும் ஆட்சேபம் எழுப்பலாம். பிறகு தேர்தல் வாரிய அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்து வரிவரியாகச் சரிபார்ப்பார்கள். இதற்கென்றே பேர்போன வழக்கறிஞர்கள் சிகாகோவில் இருக்கிறார்கள்.

புதிய கட்சிகளின் பாடு இன்னும் மோசம். 1976 டிசம்பரில் மேயர் ரிச்சர்ட் டேலி காலமானதும், 1977-இல் இடைத்தேர்தல் வந்தது. சோஷலிசத் தொழிலாளர் கட்சி போட்டியிட விரும்பியது. கேட்கப்பட்ட கையெழுத்து 35,947. ஆனால் மாநிலம் முழுவதற்குமான பதவிக்கே 25,000 போதும்! மாநிலத்தை விட அதற்குள் இருக்கும் நகரம் பெரிதா? 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அந்தத் தேர்தல் முடிந்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகியிருந்தது.

இனி 13-ஆவது தொகுதிக்கு வருவோம். அதன் உறுப்பினர் அலிஸ் பால்மர், மக்கள் மதித்த பெண்மணி. 1995-இல் நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்குப் போக முடிவு செய்து, தம் இடத்துக்கு ஒபாமாவை ஆதரித்தார். நவம்பர் 28-இல் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியரிடம் தோற்றார். பழைய இடத்துக்கே திரும்ப விரும்பினார். ஒபாமா விட்டுக்கொடுக்க மறுத்தார். மனுத் தாக்கலின் கடைசி நாளான டிசம்பர் 18-க்குள் பால்மரின் ஆட்கள் அவசர அவசரமாகக் கையெழுத்துத் திரட்டினார்கள். தேவை 757, அவர் கொடுத்தது சுமார் 1,580. இரு மடங்கு இருக்கிறதே, போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் வாரியத்தில் போய் உட்கார்ந்தார்கள். கையொப்பமாகப் போடாமல் பெயரைத் தனித்தனி எழுத்தாக எழுதியவை தள்ளுபடி. தொகுதிக்கு வெளியே குடியிருந்தவர்கள் தள்ளுபடி. அப்போதுதான் அந்தத் தொகுதிப் பட்டியலிலிருந்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை நீக்கியிருந்தார்கள். அந்த வகையில் போனவையும் உண்டு. கடைசியில் பால்மருக்குச் சுமார் 200 குறைந்தது. 1996 ஜனவரி 17-இல் அவர் விலகினார். மற்றொருவருக்குக் குறைந்தது 69, இன்னொருவருக்கு 86. அந்த 86-காரர் கூட்டரசு நீதிமன்றம் வரை போனார். சில நாளில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஒபாமாவோ 3,000-க்கும் மேல் கொடுத்திருந்தார்.

இதே ஒபாமாதான் 1992-இல் சிகாகோவில் பல்லாயிரம் பேரை வாக்காளராகப் பதிவு செய்த இயக்கத்தை நடத்தியவர். கதவைத் திறந்து விட்டவரே தாழ்ப்பாளையும் போட்டார் என்று விமர்சித்தவர்கள் உண்டு. கையெழுத்தையே ஒழுங்காகத் திரட்ட முடியாதவர் எப்படி நல்ல பிரதிநிதியாவார் என்ற பொருளில் 2007-இல் அவர் பதில் சொன்னார். அதில் நியாயம் இல்லாமலில்லை. சில மனுக்களில் போலிக் கையெழுத்தும் இருந்ததாகச் செய்தி வந்தது. ஆனாலும், பால்மர் வேண்டுமா ஒபாமா வேண்டுமா என்று தொகுதி மக்களை யாரும் கேட்கவே இல்லை. அவர்கள் தவறாக எதையும் எழுதிவிடவில்லை.

பதினைந்து வருடம் கழித்து, ஒபாமாவின் வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி ராம் இமானுவல் சிகாகோ மேயர் பதவிக்கு வந்தபோது பாடம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தேவை 12,500 கையெழுத்து. அவர் 90 ஆயிரத்துக்கும் மேல் கொண்டுவந்து குவித்தார். எதிராளிகள் கையெழுத்தை விட்டுவிட்டு, இவர் ஓராண்டாக நகரவாசியே அல்ல என்று ஆட்சேபித்தார்கள். வாஷிங்டனில் வேலை பார்த்தபோது தம் வீட்டை அவர் வாடகைக்கு விட்டிருந்தார். 2011 ஜனவரி 24-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் அவர் பெயரை நீக்கியது. பெயரில்லாத சீட்டுகள் அச்சாகத் தொடங்கின. மறுநாளே மாநில உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. 27-ஆம் தேதி அவர் பெயரைத் திரும்பச் சேர்த்தது. பிப்ரவரி 22-இல் 55 விழுக்காடு வாக்குகளோடு அவர் வென்றார்.

சிகாகோவில் பெரிய வேட்பாளர்கள் இப்போதும் தேவையைப் போல் பல மடங்கு கையெழுத்து வாங்கித்தான் மனுவைக் கட்டுகிறார்கள்.