துடுப்பு பிடித்த கை, பியானோ வாசித்த கை



இன்று நவம்பர் 13. 1916-இல் இதே நாளில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் உயிர்நீத்த ஒரு படகோட்டியைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஃபிரெடெரிக் செப்டிமஸ் கெல்லி.

1881-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்தவர். இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் அருகே உள்ள ஈட்டன் பள்ளியில் சேர்ந்து படித்தார். அங்கே படகோட்டம் பெருமைக்குரிய விளையாட்டு. எட்டுப் பேர் துடுப்பு வலிப்பார்கள், ஒருவர் சுக்கான் பிடிப்பார். எட்டுப் பேரில் ஒருவர் வேகத்தை வகுத்துக் கொடுக்க, மற்ற ஏழு பேரும் அவர் கைவீச்சுக்கு ஏற்பத்தான் வலிக்க வேண்டும். அந்த இடத்தை 'ஸ்ட்ரோக்' என்பார்கள். 1899-இல் ஹென்லி போட்டியில் ஈட்டன் அணி கோப்பை வென்றபோது அந்த இடத்தில் இருந்தவர் கெல்லி.

பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரி. ஹென்லியில் தனியாள் படகுப் போட்டியான டயமண்ட் ஸ்கல்ஸை 1902, 1903, 1905 என மூன்று முறை வென்றார். 1905-இல் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 8 நிமிடம் 10 விநாடி. அதை 1938 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

இத்தனைக்கும் அவர் மனம் இருந்தது இசையில். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பியானோவும் இசையமைப்பும் முறையாகப் பயின்றார். ஒலிம்பிக்குக்குப் பின் படகை விட்டுவிட்டு இசையையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 1911-இல் சிட்னிக்குச் சென்று கச்சேரிகள் செய்தார்.

1914-இல் போர் வந்தது. 'எம்டன்' கப்பல் நம் சென்னையில் குண்டு வீசியதே, அதே போர்தான். கெல்லி கடற்படையின் தரைப் பிரிவில் சேர்ந்தார். கவிஞர் ரூபர்ட் புரூக் அவருடைய தோழர். 1915 ஏப்ரலில் கலிப்போலிக்குப் போகும் வழியில் புரூக் நோயால் இறந்தார். ஸ்கைரோஸ் தீவில் ஓர் ஒலிவத் தோப்பில், இரவு நேரத்தில் அவரை அடக்கம் செய்தவர்களில் கெல்லியும் ஒருவர். அந்தத் துயரத்தில் பிறந்ததுதான் தந்தி வாத்தியங்களுக்காக அவர் எழுதிய இரங்கல் இசை. கலிப்போலியில் காயம்பட்டார், வீரப்பதக்கம் பெற்றார், அங்கேயும் இசை எழுதினார்.

சோம் போரின் கடைசி நாட்களில், போகூர் என்ற சிற்றூரைப் பிடிக்கும் தாக்குதலில் தன் கம்பெனிக்குத் தலைமை தாங்கி, இயந்திரத் துப்பாக்கி நிலையை நோக்கிப் பாய்ந்தபோது கொல்லப்பட்டார். வயது 35. எந்த நாட்டில் இசை கற்றாரோ, அந்த நாட்டுப் படையின் குண்டுதான் அவர் உயிரைக் குடித்தது. அதே தாக்குதலில் அவருடைய தளபதி பெர்னார்ட் ஃபிரைபெர்க் பலமுறை காயம்பட்டும் பிழைத்து, விக்டோரியா கிராஸ் பெற்றார். பின்னாளில் நியூசிலாந்தின் கவர்னர் ஜெனரலும் ஆனார்.

1908-இல் தங்கம் வென்ற அந்தப் படகில் இருந்த ஒன்பது பேரில் மூவரைப் போர் விழுங்கியது. சுக்கான் பிடித்த மக்லகன் 1915-இல், கெல்லி 1916-இல், சாண்டர்சன் 1918-இல்.

ஈட்டன் பள்ளியிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய மாணவர்கள் அந்தப் போரில் மாண்டார்கள். கெல்லிக்குப் பதக்கமும் இசையும் இருந்ததால் அவர் கதை நமக்குக் கிடைத்தது. மற்றவர்களில் எத்தனையோ பேருக்குச் சுவரில் ஒரு பெயர்தான் மிச்சம். வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தவன் நான். ஒரு பெயருக்குப் பின்னால் 'உள்ளேன் ஐயா' என்ற குரல் வராமல் போனால் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பள்ளி ஆசிரியர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

'உலகப் போரின் காரணங்கள் யாவை?' என்று உங்களிடம் ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன். அந்தப் பதிலோடு இந்த ஒரு பெயரையும் சேர்த்து உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் இன்றிரவு கெல்லியின் இரங்கல் இசையைத் தேடிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்