சீரங்கப்பட்டணமும் காவிரியும்

மைசூருக்கு அருகே காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்த தீவில் அமைந்த சிற்றூர் சீரங்கப்பட்டணம். தொடர் விடுமுறையில் வருவோர் அரங்கநாதரைத் தொழுவர். திப்புவின் தரியா தௌலத் மாளிகையில், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780-இல் நடந்த போரின் சுவரோவியத்தைக் காண்பர். பிறகு ஆற்றங்கரையில் இளைப்பாறுவர். கோடையில் ஆற்றில் பாறைகளே மிகுதியாகத் தெரியும்.

அந்த ஆறுதான் ஊரின் முதல் அரண். 1791 மே மாதம் கோட்டையை நெருங்கிய காரன்வாலிஸ், மழையாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் தம் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். 1799-இல் ஆங்கிலேயர் மழையை முந்திக்கொண்டனர். மே 4 பிற்பகல், நீர் குறைந்த ஆற்றில் இறங்கிக் கடந்து, பீரங்கியால் பிளந்த மதில் வழியே ஏறினர். சில வாரங்கள் தாமதித்திருந்தால் வெள்ளம் வழிமறித்திருக்கும். திப்பு அன்றே வீழ்ந்தார். அவர் உடல் கிடந்த இடத்தில் நினைவுக்கல் உள்ளது; அதைப் பார்த்தவர்கள் மதிலோரம் வந்து ஆற்றையும் ஒருமுறை பார்க்கலாம்.