வெல்லம், கடுக்காய், வெள்ளைக்கரு!

மணல் 15 புஷல். சுண்ணாம்பு 15 புஷல். வெல்லம் 20 பவுண்டு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, எல்லாவற்றையும் போட்டு அடித்துப் பிசையவும். பயறு கொஞ்சம், கடுக்காய் கொஞ்சம் எடுத்து, தனித்தனியாகக் கொழகொழவென்று வேகவைத்து வடிகட்டி...

சமையல் குறிப்பு தப்பித் தவறி இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டதோ என்று புரட்டிப் பார்க்காதீர்கள். இது சுவர் பூசுகிற குறிப்பு! வெளியிட்டது யார் தெரியுமா? லண்டன் ராயல் சொசைட்டி. நியூட்டன் தலைவராக இருந்தாரே, அதே சொசைட்டி. எழுதி அனுப்பியவர் செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர் ஐசக் பைக். 1730-களின் ஆரம்பத்தில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே, மெட்ராஸில் மிகச் சிறந்த காரை தயாரிக்கும் முறை பற்றியது. உலகத்தையே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த துரைமார்கள், நம்ம ஊர்க் கொத்தனாரிடம் டியூஷன் எடுத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்!

மெட்ராஸில் அப்படி என்ன விசேஷம்? கிளிஞ்சல். பழவேற்காடு பக்கத்துக் கழிமுகங்களில் அள்ள அள்ளக் கிடைத்தது. காளவாயில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, நைசாக அரைத்து, இரண்டு மூன்று பூச்சாகப் போட்டார்கள். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு, தயிர், நெய்கூட சேரும். ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். நம்ம சுண்ணாம்பு, இங்கிலீஷ்காரன் வாயில் ‘சுனாம்’ ஆனது.

1780-ல் கப்பலில் வந்து இறங்கிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், கடலிலிருந்து பார்த்த மெட்ராஸின் வெள்ளைத் தூண்களையும் மொட்டை மாடிகளையும் கண்டு அசந்துபோனார். அலெக்சாண்டர் காலத்து கிரேக்க நகரம் ஞாபகம் வந்ததாம் அவருக்கு. பளிங்கே இல்லை சார், உள்ளே வெறும் செங்கல்!

அதே சமயம் லண்டனில் என்ன நடந்துகொண்டிருந்தது? அங்கேயும் செங்கல்தான். கல்லில் கட்டப் பணம் கிடையாது. ஆனால் கல் மாதிரி தெரிய வேண்டும். ராபர்ட் ஆடம் என்ற பிரபல கட்டடக் கலைஞரும் அவர் சகோதரர்களும் லியார்டெட் என்பவர் 1773-ல் பேடன்ட் வாங்கிய எண்ணெய்ப் பூச்சு உரிமையைக் கைப்பற்றினார்கள். ஜான்சன் என்பவர் அதே மாதிரி ஒன்றைத் தயாரித்து விற்க, விவகாரம் 1778-ல் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி லார்ட் மான்ஸ்ஃபீல்டு. தீர்ப்பு ஆடம் தரப்புக்குச் சாதகம். இதில் ஒரு சங்கதி பாருங்கள். நீதிபதியின் சொந்த வீடான கென்வுட் மாளிகையைப் புதுப்பித்துக் கொடுத்தவரே ராபர்ட் ஆடம்தான்! அந்த மாளிகையின் முகப்பிலும் இதே பூச்சுதான். பேடன்ட் வழக்குகளில் இன்றைக்கும் பேசப்படுகிற வழக்கு அது. ஆனால் பூச்சு? சில வருடங்களிலேயே உதிர ஆரம்பித்தது. கோர்ட்டில் ஜெயித்தது, மழையில் தோற்றது!

அடுத்து 1796-ல் ஜேம்ஸ் பார்க்கர் என்ற பாதிரியார் ‘ரோமன் சிமென்ட்’டுக்கு பேடன்ட் வாங்கினார். ரோமாபுரிக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பெயரில் ஒரு கெத்து, அவ்வளவுதான். பிறகு 1824-ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் வந்தார். அவருடைய கலவைக்கு ‘போர்ட்லேண்ட் சிமென்ட்’ என்று பெயர் வைத்தார். காரணம், காய்ந்ததும் அது செயின்ட் பால் தேவாலயம் கட்டிய போர்ட்லேண்ட் கல் மாதிரி இருந்ததாம். ஆக, இன்று அணைக்கட்டும் மேம்பாலமும் எழுப்புகிற சிமென்ட், கல் வேஷம் போடத்தான் முதலில் மேடை ஏறியது!

1904-ல் அது மெட்ராஸுக்கும் வந்தது. சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் கம்பெனி இங்கே சிமென்ட் தயாரித்துப் பார்த்தது. மூலப்பொருள்? அதே கிளிஞ்சல்! அது எடுபடவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் இந்திய சிமென்ட் நிலைத்து நின்றது. அதன் பிறகு கடுக்காயை யார் ஊறவைப்பார்கள்? சுண்ணாம்பு இறுக மாதக்கணக்காகும். சிமென்ட் மறுநாளே இறுகிவிடும். நான் காமர்ஸ் படித்தவன். கூலிக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். சுவருக்குள் போன ஈரம் அதன் வழியாகவே ஆவியாக வெளியேறிவிடும். சிமென்ட் பூச்சு இறுக்கமானது. மயிரிழை விரிசலில் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வரத் தெரியாது. உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லை அரிக்கும். தாத்தா கட்டிய சுண்ணாம்புக் காரை வீட்டை ‘ஸ்ட்ராங்’ ஆக்குகிறேன் என்று வெளியே சிமென்ட் பூசினால், நாலைந்து மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வருவது இதனால்தான். கொத்தனாரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

புது வீடா? கான்கிரீட் தூண், பீம் என்று வந்துவிட்ட பிறகு சிமென்ட் பூச்சுதான் வசதி. ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்கு அஞ்சு என்று மணல் கலக்கிறார்கள். சிமென்ட் அதிகம் போட்டால் பலம் அதிகம் என்பது பிரமை. சுருங்கி, வெடிப்புதான் அதிகமாகும். தூணும் செங்கல்லும் சேருகிற இடத்தில் கோழிவலை அடித்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். ஒரு வாரமாவது தண்ணீர் விடுங்கள். நல்ல செங்கல் கிடைத்தால் பூசாமலே விடலாம். கேரளாவில் லாரி பேக்கர் 2007-ல் மறையும் வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பூச்சுச் செலவும் மிச்சம், பெயின்ட் செலவும் மிச்சம்!

பழைய வீடென்றால் சுண்ணாம்பு தெரிந்த ஆளைத் தேடுங்கள். சுலபத்தில் கிடைக்க மாட்டார். ஆர்க்காடு நவாபுக்காக 1768-ல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹாலில் 2012-ல் தீப்பிடித்தது. அதைச் சீரமைத்தபோது பொதுப்பணித் துறை எடுத்தது மறுபடி அதே சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய். 2017-லிருந்து அந்தக் கட்டடத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. மெரினா பக்கம் போனால் சாலையிலிருந்தே பார்க்கலாம்.