737 மேக்ஸ்: கையேட்டில் இல்லாத மென்பொருள்... பயனருக்கு எவ்வளவு சொல்லணும்?

மென்பொருளின் பயனர் கையேட்டில் தொழில்நுட்ப விவரம் எவ்வளவு இருக்கணும்? எல்லாத்தையும் எழுதினால் யாரும் படிக்க மாட்டாங்க. முக்கியமானதை விட்டுட்டா என்ன ஆகும்? போயிங் 737 மேக்ஸ் விபத்துகள் அதைக் காட்டின.

எம்.சி.ஏ.எஸ். என்றால் என்ன?

737 மேக்ஸில் பெரிய இன்ஜின்கள் சற்று முன்தள்ளிப் பொருத்தப்பட்டன. இதனால் சில சூழல்களில் விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேலே எழ வாய்ப்பு உண்டு. அப்போது விமானி எதுவும் செய்யாமலேயே மூக்கைக் கீழே இறக்கும் மென்பொருள்தான் எம்.சி.ஏ.எஸ். விபத்துகள் நடந்த காலத்தில், அது ஒரே ஒரு சென்சாரின் அளவை நம்பி இயங்கியது.

கையேட்டில் ஏன் இல்லை?

இது பின்னணியில் இயங்குவது, வழக்கமான பயணத்தில் விமானி இதைச் சந்திக்கவே மாட்டார், கோளாறு வந்தாலும் பழைய 737-க்கான அவசர நடைமுறையே போதும் என்பது போயிங்கின் வாதம். கூடுதல் பயிற்சிச் செலவைத் தவிர்க்கும் வணிக நோக்கமும் இருந்தது என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு பின்னர் கூறியது.

என்ன நடந்தது?

2018 அக்டோபர் 29. ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் பலியானார்கள். சென்சார் தவறான அளவைக் காட்ட, மென்பொருள் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. விமானிகள் மேலே இழுத்துப் போராடினார்கள். எது தள்ளுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. கையேட்டில் இந்த விவரம் இல்லாததும் விபத்துக்கு ஒரு காரணம் என்றது இந்தோனேசிய விசாரணை அறிக்கை.

விபத்துக்குப் பிறகே விமானிகளுக்கு விவரம் போனது. ஆனாலும் 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 157 பேர் பலியானார்கள். வடிவமைப்பில் உள்ள குறையை, கையேட்டில் எழுதி மட்டும் சரிசெய்துவிட முடியாது என்பதும் அப்போது தெரிந்தது.

அப்போ எல்லாத்தையும் எழுதிடலாமா?

வேண்டாம். மென்பொருளின் நிரல் வரிகள் விமானிக்குத் தேவையில்லை. ஆனால் மூன்று கேள்விகளுக்குப் பதில் கட்டாயம் வேண்டும்:

• இது தானாக என்ன செய்யும்?
• தப்பாகப் போனால் எப்படித் தெரியும்?
• எப்படி நிறுத்துவது?

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 2020 நவம்பரில் மேக்ஸை மீண்டும் பறக்க அனுமதித்தது. அதற்குள் மென்பொருள் இரண்டு சென்சார்களை ஒப்பிடும்படி மாற்றப்பட்டது. எம்.சி.ஏ.எஸ். கையேட்டில் இடம்பிடித்தது. சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயமானது.

நம்ம போன் ஆப்புக்கும் அளவுகோல் இதுதான். எந்த கம்ப்யூட்டர் மொழியில் அதை எழுதினாங்க என்பது பயனருக்கு வேண்டாம். 'ஆப்பை நீக்கினால் அதில் சேமித்த படங்களும் போயிடும்' என்றால், அந்த ஒரு வரி முதல் பக்கத்திலேயே இருக்கணும்.