ராஜினாமா செய்த போப்

வேலையை விடணும்னு முடிவு பண்ணி, மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் போய், பேசாம திரும்பி வந்திருக்கீங்களா? இன்னிக்கு நாம பார்க்கப் போறவருக்கு மேனேஜரே கிடையாது. அதுதான் அவரோட சிக்கலே. ஒரு போப் யார்கிட்ட போய் ராஜினாமா கொடுப்பார்?

1292 ஏப்ரலில் போப் நான்காம் நிக்கோலஸ் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கார்டினல்கள் மொத்தமே 12 பேர். அதுலயும் ஒர்சினி குடும்பம் ஒரு பக்கம், கொலோன்னா குடும்பம் இன்னொரு பக்கம். இரண்டு வருஷத்துக்கு மேல நாற்காலி காலியாகவே கிடந்தது. அப்போ இத்தாலியில் மொர்ரோனே மலைக் குகையில் தவம் இருந்த பியெத்ரோ என்ற துறவியிடமிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது: இன்னும் இழுத்தடிச்சா கடவுள் சும்மா விடமாட்டார். 1294 ஜூலை 5 அன்று கார்டினல்கள் அவரையே போப் ஆக்கிட்டாங்க! அப்போ அவருக்கு வயசு 80-ஐ ஒட்டி.

அக்விலா நகருக்குள் அவர் கழுதை மேல வந்தார். கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு நடந்தது நேப்பிள்ஸ் ராஜா இரண்டாம் சார்லஸும் அவர் மகனும். பணிவு மாதிரி தெரியுதுல்ல? கயிறு யார் கையில இருக்குன்னு பாருங்க. ஐந்தாம் செலஸ்டின் என்ற பெயரில் முடிசூடியவர், போப்பாக ரோமில் கால் வைக்கவே இல்லை. சார்லஸ் அவரை நேப்பிள்ஸுக்குக் கூட்டிட்டுப் போனார். 12 புதிய கார்டினல்களை நியமிச்சார். பாதிக்கு மேல பிரெஞ்சுக்காரர்கள், சார்லஸுக்கு வேண்டியவங்க. நிர்வாகம் அவருக்குப் பிடிபடல. கோட்டைக்குள்ளேயே மரப்பலகையால ஒரு சின்ன அறை கட்டி, அதுக்குள்ள போய் ஜெபம் பண்ண ஆரம்பிச்சார்.

கடைசியில், திருச்சபைச் சட்டத்தில் கெட்டிக்காரரான கார்டினல் பெனதெத்தோ கயெத்தானியிடம் யோசனை கேட்டார். வழி இதுதான்: போப் பதவி விலகலாம்னு போப்பே ஆணை போடலாம். டிசம்பர் 13 அன்று செலஸ்டின் விலகினார். 11 நாள் கழிச்சு அடுத்த போப் யார்? அதே கயெத்தானி! எட்டாம் போனிஃபஸ். ராத்திரியில குழாய் வழியா தேவதூதன் குரலில் பேசி கிழவரைப் பயமுறுத்தினார்னு ஒரு கதைகூட உண்டு. நான் அதை நம்பல. செலஸ்டினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, குகைக்குத் திரும்பணும்னு அவருக்கே ஆசை.

ஆனா விடல. முன்னாள் போப் உயிரோட வெளியே இருந்தா, "இவர்தான் உண்மையான போப்"னு ஒரு கூட்டம் கிளம்பும்னு போனிஃபஸுக்குப் பயம். செலஸ்டின் தப்பிச்சார், காட்டில் ஒளிஞ்சார், கடல் தாண்டி கிரேக்கம் போகப் பார்த்தார். புயல் படகைக் கரைக்கே தள்ளிடுச்சு. பிடிபட்டு, ஃபுமோனே கோட்டையில் அடைக்கப்பட்டு, 1296 மே 19 அன்று அங்கேயே இறந்தார்.

செலஸ்டின் கொடுத்த சலுகைகளில் பெரும்பாலானவற்றை போனிஃபஸ் ரத்து பண்ணினார். ராஜினாமா ஆணையை மட்டும் தொடல. 1298-ல் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே சேர்த்தார். அது செல்லாதுன்னா இவர் பதவியும் செல்லாதே!

2009-ல் அக்விலாவைப் பூகம்பம் உலுக்கிய பிறகு, அப்போதைய போப் பதினாறாம் பெனடிக்ட் அங்கே போனார். தன் தோளில் போடும் பாலியம் என்ற கம்பளிப் பட்டையை செலஸ்டின் கல்லறை மேல வெச்சிட்டு வந்தார். அப்போ யாரும் பெரிசா எடுத்துக்கல. 2013-ல் அவரும் ராஜினாமா பண்ணினார்.